அரிய கட்டியைக் காணும் வழி

'அரிய' என்னும் தமிழ்ச் சொல் பொருள்வளம் மிக்கது. கிடைத்தற்கு அரியதையும் அச்சொல் குறிக்கும். செய்தற்கு அரியதையும் குறிக்கும். அறிதற்கு அரியதையும் குறிக்கும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், மருத்துவ வெளியீடுகளைத் தமிழாக்கும்போது 'அரிய நோய்' என்று எழுதிவிட்டுச் சற்றே எழுதுகோலை நிறுத்துவதுண்டு. இந்நோய் உண்மையிலேயே சிலருக்குத்தான் வருகிறதா, அல்லது பலருக்கு வந்தும் நம் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கிறதா என்னும் ஐயமே அதற்குக் காரணம். இந்த ஐயம் வெறும் சொல்லாராய்ச்சியில் எழுந்ததன்று. மருத்துவ வரலாறே இதற்குச் சான்று கூறுகிறது.

1853-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் ஆடம்ஸ் என்னும் அறுவை மருத்துவர், புராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் ஒன்றை நுண்ணோக்கியின் துணையால் உறுதிசெய்து எழுதினார். அவர் அதனை மிக அரியதொரு நோய் என்றே குறித்தார். இன்றோ, உலகத்து ஆடவரிடையே மிகுதியாகக் காணப்பெறும் புற்றுநோய்களின் வரிசையில் அந்நோய் இரண்டாம் இடத்தில் நிற்கிறது. ஆடம்ஸ் பொய் உரைக்கவில்லை. அக்காலத்தில் மக்கள் முதுமையை எட்டுமுன்னரே வேறு நோய்களுக்கு இரையாயினர். எட்டியவர்களின் உடலுக்குள் நோக்குவதற்கும் வழி இல்லை. அரிது என்பது நோயின் இயல்பாக மட்டும் இருக்கவில்லை. நோக்கும் கண்ணின் குறையாகவும் இருந்தது. அந்தக் குறை எவ்வாறு படிப்படியாக நீங்கியது, இன்னும் நீங்காதது எது என்பவற்றை இங்குச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் சுரப்பியின் இருப்பிடத்தை அறிந்துகொள்வது நலம். சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னே, சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்து அமைந்திருப்பது இது. இளமையில் வாதுமைக் கொட்டை அளவினது. 'முன்னே நிற்பது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இதன் பெயர் பிறந்தது. ஆந்திரேயாஸ் வெசாலியஸ் 1538-ல் வெளியிட்ட உடற்கூற்றுப் படங்களில் இதனை வரைந்து காட்டினார். 1761-ல் இத்தாலிய அறிஞர் மோர்கானி, இறந்தோர் உடல்களை ஆராய்ந்து எழுதிய பெருநூலில் இச்சுரப்பியின் வீக்கத்தையும் விவரித்தார். ஆனால் உயிருள்ள மனிதனிடத்தில் இதனை அறிய மருத்துவருக்கு இருந்த ஒரே கருவி, மலக்குடல் வழியாகத் தொட்டுணரும் விரல்தான். அவ்விரல் இன்றும் ஓய்வு பெறவில்லை. கல்போன்ற கடினத்தை அது உணரும். மென்மையான வீக்கத்தையும் உணரும். ஆயினும் சுரப்பியின் பின்புறம் மட்டுமே அதற்கு எட்டும். முன்புறமும் உட்புறமும் இருளில்தான் கிடந்தன.

அவ்விருளில் முதல் ஒளியைப் பாய்ச்சியவர் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் வில்ஹெல்ம் ராண்ட்ஜென். 1895 நவம்பர் 8-ஆம் நாள், கருந்தாளால் மூடிய மின்குழாய் ஒன்றிலிருந்து வெளிப்பட்ட புதிய கதிர்கள் சற்றுத் தொலைவிலிருந்த திரையை ஒளிரச் செய்ததை அவர் கண்டார். இன்னதெனத் தெரியாத அக்கதிருக்கு 'எக்ஸ்' என்றே பெயரிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 22-ஆம் நாள் தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்த அப்படம் உலகை வியப்பில் ஆழ்த்தியது. பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் அவருக்கே கிடைத்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை என்பதும் நினைவில் வைக்கத் தக்கது.

ஆயினும் எக்ஸ்-கதிர் எலும்பையே நன்கு காட்டும். மென்மையான சதையாலான புராஸ்டேட் சுரப்பி அக்கதிருக்குத் தன் நிழலைத் தருவதில்லை. எனவே மருத்துவர்கள் சுற்றுவழியை நாடினர். 1929-ல் மோசஸ் ஸ்விக் என்னும் இளம் அமெரிக்க மருத்துவர், ஜெர்மனியில் பணியாற்றியபோது, அயோடின் கலந்த மருந்தொன்றை நாளத்தில் செலுத்திச் சிறுநீரகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் வடிவத்தைப் படத்தில் வருவித்தார். சுரப்பி பெருத்திருப்பின், சிறுநீர்ப்பையின் அடித்தளம் மேல்நோக்கித் தள்ளப்பட்டிருப்பது அப்படத்தில் தெரியும். வீட்டுக்குள் இருப்பவரைக் காணாமல், சுவரின் புடைப்பைக் கொண்டு அவர் இருப்பை உணர்வது போன்றது இது. வீக்கம் உண்டு என்று அறியலாம். அது முதுமையின் இயல்பான வீக்கமா, புற்றுநோயா, அல்லது யாரும் எதிர்பாராத வேறொரு கட்டியா என்று அறிய இயலாது.

எலும்பின் வழியாகவும் ஒரு தடயம் கிடைத்தது. புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவும் இயல்புடையது. அவ்விடங்கள் எக்ஸ்-கதிர்ப் படத்தில் வழக்கத்துக்கு மாறாக வெண்மை கூடித் தோன்றும். நோய் ஏன் முதுகெலும்பை நாடுகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1940-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆஸ்கர் பேட்சன், எக்ஸ்-கதிருக்குப் புலனாகும் பொருளை இறந்தோர் உடலின் இடுப்புப் பகுதி நாளங்களில் செலுத்திப் படம் எடுத்தார். அது முதுகெலும்பைச் சூழ்ந்த நாளப் பின்னலுக்குள் பரவியது. அந்நாளங்களில் தடுக்கிதழ்கள் இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் குருதி எத்திசையிலும் செல்லக்கூடும். உடலுக்குள் பார்க்கும் கருவி ஒன்று, நோய் செல்லும் பாதையையே இவ்வாறு விளக்கிவிட்டது. ஆனால் அரிய கட்டிகளில் சில இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை. செதிளணுப் புற்று போன்றவை எலும்பை வெண்மையாக்காமல் அரித்துவிடும். படத்தில் அவ்விடம் கருமையாகத் தெரியும். அந்தக் கருமையே, 'இது வழக்கமான நோயன்று' என்று அறிந்தோர்க்குக் கூறும் முதற்குறிப்பு.

கதிருக்கு அடுத்தபடியாக ஒலி வந்தது. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிவதற்காகப் பிரெஞ்சு விஞ்ஞானி லான்ஜெவின், மனிதச் செவிக்கு எட்டாத ஒலியைக் கடலுக்குள் செலுத்தி அதன் எதிரொலியைப் பெறும் முறையை உருவாக்கினார். போர்க்கருவியாகப் பிறந்த அம்முறை பின்னர் மருத்துவக் கருவியாக மாறியது. 1958-ல் கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்டு, வயிற்றுக் கட்டிகளையும் கருவிலுள்ள குழந்தையையும் ஒலியால் படமெடுத்துக் காட்டினார். புராஸ்டேட் சுரப்பிக்கு இதனைப் பயன்படத்தக்க வகையில் அமைத்த பெருமை, ஜப்பானிய மருத்துவர் ஹிரோக்கி வாத்தனாபேயைச் சாரும். 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் அவர் ஒரு நாற்காலியை அமைத்தார். அதன் இருக்கையின் நடுவிலிருந்து ஒலிக்கோல் ஒன்று மேலெழும். நோயாளி அதன்மேல் அமர, மலக்குடல் வழியாகச் சுரப்பியின் குறுக்குவெட்டு வடிவம் திரையில் தோன்றும். நாணமும் நகையும் தரக்கூடிய அந்நாற்காலி, சுரப்பியை அருகிலிருந்து நேராகக் கண்ட முதல் கண்களுள் ஒன்று.

ஒலியின் சிறப்பு, நீரையும் சதையையும் வேறுபடுத்துவது. நீர் நிறைந்த பை கருமையாகவும், சதைக்கட்டி சாம்பல் நிறமாகவும் தோன்றும். இதனால் அரிய கட்டிகளுள் ஒன்றான பல அறை நீர்க்கட்டியை இனங்காண வழி பிறந்தது. சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே தேன்கூட்டைப் போலப் பல அறைகளுடன் பெரிதாக வளரும் இக்கட்டி, புற்றுநோயன்று. அளவைக் கண்டு அஞ்சத் தோன்றும். இயல்பை அறிந்தால் அச்சம் குறையும். எனினும், சாம்பல் நிறக் கட்டிகளுக்குள் எது கொடியது, எது எளியது என்று பிரித்துரைக்க ஒலியால் இயலவில்லை. எனவே 1989-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து அறிஞர்கள், ஐயத்துக்குரிய இடத்தில் மட்டுமன்றிச் சுரப்பியின் ஆறு பகுதிகளிலிருந்தும் ஒழுங்காக ஊசியால் திசு எடுக்கும் முறையை வகுத்தனர்.

இதற்கிடையே எக்ஸ்-கதிர் புதுப்பிறவி எடுத்தது. இசைத்தட்டு வாணிபத்தில் பெயர் பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு, பல கோணங்களில் பாய்ச்சிய எக்ஸ்-கதிர்களின் அளவுகளைக் கணினியால் தொகுத்து உடலின் குறுக்குவெட்டைத் தீட்டும் கருவியை அமைத்தார். 1971 அக்டோபர் முதல் நாள், லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை இவ்வாறு படமெடுக்கப்பட்டது. ஹவுன்ஸ்பீல்டும், இதன் கணிதத்தை முன்னரே தனியாக ஆராய்ந்திருந்த ஆலன் கார்மக்கும் 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அதே 1971-ஆம் ஆண்டில் நம் நாட்டு விஞ்ஞானி ஒருவர் செய்த பணியை இவ்விடத்தில் குறிப்பிடாமல் செல்வது முறையாகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றி, கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி வடிவத்தை வெளிப்படுத்திய கோ. நா. இராமச்சந்திரன், பின்னர்ப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அவரும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் எழுதிய கட்டுரையொன்று, நிழற்படங்களிலிருந்து முழு உருவத்தை மீட்டெடுக்கும் கணக்கீட்டை வெகுவாகச் சுருக்கியது. பழைய முறையில் நெடுநேரம் பிடித்த வேலையை எளிதாக்கிய அவ்வழி, பின்னாளில் சி.டி. கருவிகளின் அடிப்படைக் கணிதங்களுள் ஒன்றாயிற்று. பரிசுப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. ஆயினும் உலகின் எம்மூலையில் ஒரு நோயாளி அவ்வளையத்துக்குள் படுத்தாலும், அந்தச் சிந்தனையின் பயன் அவருக்குக் கிட்டியிருக்கிறது.

புராஸ்டேட் சுரப்பியைப் பொறுத்தவரை சி.டி. படத்துக்கு ஓர் எல்லை உண்டு. சுரப்பியின் உட்பகுதிகளை அது தெளிவாகப் பிரித்துக் காட்டாது. ஆனால் கட்டி எவ்வளவு பெரிது, அண்டை உறுப்புகளை எவ்வாறு நெருக்குகிறது, நிணக்கணுக்களுக்கோ கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியுள்ளதா என்பவற்றை நன்கு தெரிவிக்கும். அரிய கட்டிகளில் பல, கண்டறியப்படும்போதே பெரிதாக வளர்ந்திருப்பவை. ஆதலின் இச்செய்தி சிறிதன்று.

கருவிகள் வளர்ந்துகொண்டிருந்த அக்காலத்தில், நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தவர்களும் வாளாவிருக்கவில்லை. இச்சுரப்பியில் தோன்றும் புற்றுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை ஒரே வகையின, சுரப்பியணுக்களிலிருந்து எழுபவை. எஞ்சிய சிறு பகுதியில்தான் பல்வேறு அரிய கட்டிகள் அடங்கும். 1967-ல் மெலிக்கோவ், பாக்டர் என்னும் இருவர், பெண்ணின் கருப்பைத் திசுவை ஒத்த ஒரு புற்றை ஆணின் இச்சுரப்பியில் கண்டு எழுதினர். கருவில் இருந்த பெண்ணுறுப்பின் எச்சத்திலிருந்து அது பிறந்ததென அவர்கள் எண்ணினர். பின்னர், அக்கட்டியின் அணுக்களில் புராஸ்டேட்டுக்கே உரிய புரதம் இருப்பது சாயமேற்றிக் காட்டப்பட்டபோது, அது சுரப்பியின் நாளக்குழாய்களிலிருந்து எழுந்ததே என்று தெளிந்தனர். பெயரும் மாறியது, மருத்துவமும் மாறியது. பெயர் வைப்பதில் நேரும் பிழை, மருந்து கொடுப்பதிலும் பிழையாகும் என்பதற்கு இது தக்க சான்று. 1998-ல் வேறொரு வகைக் கட்டிகளுக்குப் பெயர் வகுத்தவர்கள், 'புற்றுத்தன்மை இன்னதென உறுதியாகாத தாங்கு திசுக் கட்டி' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். தமக்குத் தெரியாததைப் பெயரிலேயே ஒப்புக்கொண்ட அந்நேர்மையை, சொற்களோடு பழகும் நாம் மிகவும் மதிக்கிறோம்.

1979-ல் அமெரிக்காவின் பபலோ நகரத்தில், மேற்சொன்ன பி.எஸ்.ஏ. என்னும் புரதம் புராஸ்டேட் திசுவிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் அதனைக் குருதியில் அளக்கும் சோதனை பரவி, பல்லாயிரவர்க்கு நோயை முன்கூட்டியே அறிவித்தது. ஆனால் அரிய கட்டிகளின் திறத்தில் இச்சோதனை பல சமயம் ஊமையாகிவிடுகிறது. தசையிலிருந்தும் தாங்கு திசுவிலிருந்தும் எழும் சர்க்கோமாக்கள் அப்புரதத்தைச் சுரப்பதில்லை. சிற்றணுப் புற்று என்னும் கொடிய வகை, கல்லீரல்வரை பரவியிருக்கும்போதும் பி.எஸ்.ஏ. அளவு குறைவாகவே இருக்கக்கூடும். 'குருதிச் சோதனை நன்றாக இருக்கிறது' என்னும் ஆறுதல் மொழியே இங்கு ஆபத்தாக முடியலாம்.

எடுத்துக்காட்டாக ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஐம்பது வயதை எட்டாதவர், சிறுநீர் தடைப்படுகிறது, தொட்டுப் பார்த்தால் சுரப்பி பெரிதாக இருக்கிறது, பி.எஸ்.ஏ. அளவோ எல்லைக்குள் நிற்கிறது. வயதின் வீக்கம் சற்று முன்னதாக வந்துவிட்டது எனக் கருதி மருந்து தரப்படுகிறது. மாதங்கள் செல்கின்றன, தடை தளரவில்லை, இடுப்பில் வலியும் சேர்கிறது. தசைச் சர்க்கோமா உடைய பலருடைய வரலாறு இத்தகையதே. புராஸ்டேட்டின் முதல்நிலைப் புற்றுகளில் ஆயிரத்தில் ஒன்றினும் குறைவானவை சர்க்கோமாக்கள். ஆயிரத்தில் ஒருவரை எவ்வாறு முன்னரே காண்பது? இவ்விடத்தில்தான் காந்தம் துணைக்கு வந்தது.

1946-ல் பெலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் ஆகிய இருவரும், காந்தப் புலத்தில் வைத்த அணுக்கருக்கள் வானொலி அலைக்கு மறுமொழி தருவதைத் தனித்தனியே கண்டனர். 1952-ல் நோபல் பரிசு பெற்றனர். 1971-ல் ரேமண்ட் டமாடியன், எலிகளின் கட்டித் திசு தரும் மறுமொழி இயல்பான திசுவினின்றும் வேறுபடுவதைக் காட்டினார். 1973-ல் பால் லாட்டர்பர் நீர் நிறைந்த இரு சிறு குழாய்களை இம்முறையால் படமாக்கினார். பீட்டர் மான்ஸ்பீல்டு அதனை விரைவாக்கினார். இவ்விருவர்க்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்கள், வானொலி அலைக்கு எதிர்மொழி கூறுகின்றன. அம்மொழியைக் கேட்டுப் படமாக எழுதுவதே எம்.ஆர்.ஐ. என்னும் காந்த ஒத்ததிர்வுப் படம்.

இப்படத்தில்தான் சுரப்பியின் உள்வீடு முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தது. ஜான் மக்நீல் என்னும் அறிஞர் 1960-களிலிருந்து நுண்ணோக்கியால் வகுத்துவந்த வெளிமண்டலம், நடுமண்டலம், இடைமாறு மண்டலம் ஆகியவை, உயிருள்ளவரிடத்திலேயே கண்ணுக்குப் புலனாயின. வெண்மையான வெளிமண்டலத்தில் வழக்கமான புற்று கருநிழலாகத் தோன்றும். நீர்த்துகள்கள் திசுவுக்குள் எவ்வளவு தாராளமாக உலவுகின்றன என்பதும் அளக்கப்படுகிறது. அணுக்கள் நெருங்கிய கட்டியில் உலவ இடமில்லை. இங்கிலாந்தில் 576 ஆடவரிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை வேண்டும் புற்றுகளில் நூற்றுக்கு 93-ஐ எம்.ஆர்.ஐ. சுட்டிக்காட்டியது, பழைய முறையில் ஒலிப்படத்தின் துணையால் ஊசியிட்டதோ 48-ஐ மட்டுமே கண்டது.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. 2012-ல் ஐரோப்பிய அறிஞர்கள் வகுத்து, பின்னர் இருமுறை திருத்தப்பெற்ற மதிப்பெண் முறை, வழக்கமான புற்றை மனத்திற்கொண்டு அமைந்தது. அரிய கட்டிகள் அவ்வளவுகோலுக்கு அடங்குவதில்லை. சளிப்பொருள் நிறைந்த புற்று கருமையாகத் தோன்றாமல் வெண்மையாகத் தோன்றி, இயல்பான திசுவோடு கலந்து ஏமாற்றும். நிணப்புற்று ஓரிடத்தில் திரளாமல் சுரப்பி முழுவதையும் ஒருசீராகப் பெருக்கும். சர்க்கோமா, குருதிக்கசிவும் அழிந்த திசுவும் கலந்து, வெண்மையும் கருமையுமாகக் குழம்பிய பெரும் திரளாக நின்று, சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தள்ளும். இத்தகைய உருவத்தைக் கண்டு, அதனோடு பி.எஸ்.ஏ. குறைந்திருப்பதையும் நோயாளியின் வயதையும் சேர்த்து எண்ணும் மருத்துவரே, அரியதை அறிகிறார். கருவி நிழலைத் தரும். நிழலுக்குப் பொருள் காண்பது பயின்ற உள்ளம்.

அண்மையில் வந்த மற்றொரு முறையும் இதனையே வற்புறுத்துகிறது. புராஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் உள்ள பி.எஸ்.எம்.ஏ. என்னும் புரதத்தை நாடிச் சென்று ஒளிரும் கதிரியக்க மருந்து, ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவாயிற்று. 2020 டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. வழக்கமான புற்று பரவிய இடங்களை இப்பெட் படம் விளக்கேற்றியதுபோல் காட்டும். ஆனால் சிற்றணுப் புற்று அப்புரதத்தைப் பெரும்பாலும் இழந்துவிடுவதால், விளக்கு எரியாமலே போகலாம். அந்நிலையில் சர்க்கரையை ஒத்த வேறொரு மருந்தைச் செலுத்தினால், பசிமிக்க அவ்வணுக்கள் அதனை உண்டு வெளிப்படும். ஒரு விளக்கு எரியவில்லை என்பதால் வீட்டில் திருடன் இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது.

இவ்வளவு கருவிகள் வந்தபின்னும் இறுதித் தீர்ப்பு இன்னும் நுண்ணோக்கியின் அடியில்தான் வழங்கப்படுகிறது. எங்கே ஊசியிட வேண்டும் என்பதைப் படம் சொல்லும். எடுத்த திசு இன்னதென்பதை நுண்ணோக்கி சொல்லும். தீர்ப்பு எதுவோ அதற்கேற்பவே சிகிச்சை பிரிகிறது. வழக்கமான புற்றுக்கு ஆண் இயக்குநீரை அடக்கும் முறை உதவும். 1941-ல் அதனை நிறுவிய சார்லஸ் ஹக்கின்ஸ் 1966-ல் நோபல் பரிசு பெற்றார். சர்க்கோமாவுக்கோ நிணப்புற்றுக்கோ அம்முறை பயன் தராது. ஆகவே பெயரை அறியாமல் மருந்து கொடுப்பது, முகவரி எழுதாமல் கடிதம் அனுப்புவதை ஒக்கும்.

இக்கட்டுரையைப் படிக்கும் முதியோர் எவரும் வீணாக அஞ்ச வேண்டுவதில்லை. சிறுநீர்த் தடை உடையோரில் மிகப் பெரும்பாலோர்க்கு இருப்பது வயதின் எளிய வீக்கமே. ஆனால் மருந்துக்கு இணங்காத தடையையும், சிறுநீரில் குருதியையும், நீங்காத இடுப்பு வலியையும் மறைத்து வைப்பது அறிவுடைமையாகாது. நம் நாட்டில் இவ்வுறுப்பைப் பற்றிப் பேசுவதே நாணத்துக்குரியதாகக் கருதப்படுகிறது. தந்தை மகனிடம் கூறுவதில்லை. கணவர் மனைவியிடமும் கூறுவதில்லை. வாத்தனாபேயின் நாற்காலியில் முதன்முதலாக அமர்ந்த நோயாளிக்கும் நாணம் இருந்திருக்கும். அதனை விலக்கிவைத்து அவர் அமர்ந்ததனால்தான் பின்வந்தோர்க்கு வழி பிறந்தது.

1853-ல் ஆடம்ஸ் அரியது என்றெழுதிய நோய் இன்று அரியதாக இல்லை. இன்று நாம் அரியது என்றெழுதும் கட்டிகள் நாளை எவ்வாறு எண்ணப்படும் என்பதைக் காலம் கூறும். அரியது என்பதற்காக அதனை எண்ணாமல் விடுதல் கூடாது என்பதே, ராண்ட்ஜென் முதல் இன்றுவரை உள்ள இந்நீண்ட வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம். ஆயிரத்தில் ஒருவர் என்பது கணக்குக்கு ஒரு சிறு பின்னம். அந்த ஒருவருடைய இல்லத்துக்கோ அவரே முழு எண்.